முதுகு நனையக் கூடாது

பலர் பார்க்க, சட்டையைக் கழற்றச் சொல்லி, துணி மடிக்கிற மேசைமேல் தன்னைப் பிணம் மாதிரி படுக்க வைத்ததைக் கரடி பத்தொன்பது வருஷமாக மறக்கவில்லை. உடம்பெல்லாம் முடி என்பதால் அவனுக்குக் கரடி என்று பெயர். படுக்க வைத்தவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் காலை ஷிப்டுப் பொறுப்பாளி. எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்த கொதிகலன்காரருக்கும் அக்காதான்.

அவன் செய்த குற்றம் இவ்வளவுதான். சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் பாதி காய்ந்த பெட்ஷீட்டுகளை டிரையரிலிருந்து உருவி, மடித்து, வண்டியில் ஏற்றிவிட்டான். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அக்கா அடுக்கின் நடுவில் கையை விட்டாள். ஒன்றை இழுத்து மேசையில் விரித்தாள்.

"படு."

"என்னக்கா இது, பள்ளிக்கூடப் பையன் மாதிரி..."

"ஒரு மணி நேரம். புரளக் கூடாது."

அது அந்தக் கூடத்து வழக்கம். ஈரத்தை மடித்தவர் ஈரத்தில் படுக்க வேண்டும். அக்காவே ஒருமுறை படுத்திருக்கிறாளாம். கால் மணியிலேயே குளிர் எலும்பைப் பிடித்தது. இஸ்திரிக்காரி பக்கத்தில் இருந்தவளிடம், "கரடிக்கே குளிருதுன்னா மனுஷங்களுக்கு எப்படிடி இருக்கும்?" என்றாள். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவன் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் கையால் ஈரத்துணி ஒன்றுகூட வெளியே போனதில்லை. அக்காவுக்குப் பயந்துதான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் அவன் கவலை.

பல வருஷம் கழித்துப் புது மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை, துணியைத் தொட்டுப் பார்க்காதவர், அவ்வளவுதான். எல்லாரையும் உட்கார வைத்து, "நம்ம பிரிவோட குறிக்கோள் என்ன?" என்று கேட்டார். தரம், வேகம், சேவை என்று ஆளாளுக்கு அவர் முகத்தைப் பார்த்து அளந்துவிட்டார்கள். அக்காவின் முறை வந்தது.

"படுத்திருக்கிறவங்க முதுகு நனையக் கூடாது சார்."

"அது வேலைம்மா. நான் கேட்டது குறிக்கோள்."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

மறுவாரம் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் குறிக்கோள் என்று ஆறு வரி தொங்கியது. வாசலில் ஒரு எடை மேடையும் வந்தது. எந்த ஷிப்டு அதிகக் கிலோ அனுப்புகிறதோ அதற்குக் கோப்பை. துணி காயக் காய எடை குறையும் என்பது மேனேஜருக்குத் தோன்றவில்லை. மதிய ஷிப்டுக்காரர்களுக்குத் தோன்றியது. அரைகுறையாகக் காய்ந்ததை ஏற்றி அனுப்பி, மாதாமாதம் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

கரடிக்கு வயிறெரிந்தது. "அக்கா, பத்து நிமிஷம் முன்னாடி டிரையரை நிறுத்தினா நாமளும் ஜெயிச்சிடலாம்."

"ஜெயிச்சு? கோப்பையைப் போத்திக்கிட்டுப் படுப்பியா?"

மேனேஜரிடம் மூன்று முறை போய் விளக்கினாள். "தோத்துட்டுத் தராசைக் குறை சொல்லாதீங்கம்மா," என்று அனுப்பிவிட்டார். வார்டுகளிலிருந்து ஈரப் படுக்கை என்று புகார் குவிந்தது. எந்த ஷிப்டு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சலவை மொத்தமும் வெளிக் கம்பெனிக்குப் போயிற்று. இரண்டு ஷிப்டையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். சுவரிலிருந்த ஆறு வரியை மட்டும் கழற்ற மறந்துவிட்டார்கள்.

எட்டு மாதத்தில் அக்காவுக்கு நுரையீரலில் நீர் கோர்த்து, அதே ஆஸ்பத்திரியில் வந்து படுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரடி பார்க்கப் போனான். பாதி உடம்பாகியிருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், அவன் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் என்னை ஏங்கா அப்படிப் படுக்க வெச்சீங்க?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். "உன்னையுமா படுக்க வெச்சேன்? ஞாபகமே இல்லடா."

கரடிக்கு நெஞ்சு காலியான மாதிரி இருந்தது. கோபப்படக்கூட எதுவும் மிச்சமில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு கட்டில்ல இன்னிக்கு நாலு ஈரம்," என்றாள் அக்கா. "நர்ஸ்கிட்ட கேட்டுக் கேட்டுக் கணக்கு வெச்சிருக்கேன். அந்தக் கம்பெனிக்காரங்க உன்னைக் கூப்பிட்டாங்களாமே?"

"கூப்பிட்டானுங்க. பாதிச் சம்பளம். மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டு வந்துட்டேன்."

"போய்ச் சேரு."

"நம்ம எல்லார் வயித்துலயும் அடிச்சவனுங்கக்கா!"

"தெரியும்டா." மூச்சு வாங்கினாள். வெகுநேரம் வாங்கினாள். அன்றைக்குப் பிறகு அவள் யாரிடமும் அதிகம் பேசவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். பக்கத்துக் கட்டில் கிழவியைக் காட்டி அவனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"இந்தம்மா என்னடா பாவம் பண்ணினாங்க? நாளைக்கு எட்டு மணிக்குப் போ. சண்டை போடாமப் போ. டிரையர்ல வேலை கேளு."