ஒரே ஜீப்பில் ஏறிய ஜோடி

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம். கம்பத்திலிருந்து விடிந்தும் விடியாமலும் மலையேறும் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் பயப்படப் படிப்பு வேண்டாமே! கேஸை மூடினேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தால், மீதி வழியெல்லாம் வியர்த்துக்கொண்டே போவேன்.

அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. நிச்சயமாகட்டும் என்று வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல், நான்கு நாள் ஜீப்பில் போனேன். ஒவ்வொரு வளைவிலும் அது தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகுதான் சொன்னேன். வேலையையும் நிறுத்தினேன். ஆனாலும் ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. தெரிந்தே போன அந்த நான்கு நாளை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

முந்தைய வருடமும் ஒன்று கலைந்திருந்ததால், தேனியில் பார்த்த டாக்டரம்மா இந்த முறை கலைந்த கருவைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். இரண்டு மாதம் கழித்து முடிவு வந்ததும் எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒரு தாளைக் காட்டினார். நூல் துண்டுகள் போல ஏதோ ஜோடி ஜோடியாக இருந்தன.

"இதுதான் குரோமோசோம். எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு பாருங்க. பதினாறாவது மட்டும் மூணு. முட்டை உருவாகுறப்ப ஒவ்வொரு ஜோடியும் பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கம் போகணும். இந்த ஜோடி பிரியாம ரெண்டும் ஒரே முட்டைக்குள்ள போயிருச்சு, அப்பாகிட்டருந்து வந்த ஒண்ணும் சேர்ந்து மூணாயிருச்சு."

பிறகு ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகியபோது, அந்தக் கூடுதல் ஒன்றும் ஒவ்வொன்றிலும் நகலாகிக்கொண்டே போயிருக்கிறதாம்.

எனக்குச் சட்டென்று எங்கள் தெரு ஞாபகம் வந்தது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தால் ஆளுக்கொரு ஜீப்தான். மலைப்பாதை, ஒன்று கவிழ்ந்தாலும் வீட்டுக்கு ஒருத்தி மிஞ்சட்டும் என்ற பயம். சில நாள் அக்கா தங்கச்சி கையைக் கோத்துக்கொண்டு ஒன்றிலேயே ஏறிவிடுவார்கள். "ஆத்தா, ஒட்டிப் பொறந்தீகளா? எறங்குங்கடி ஒருத்தி!" என்று ஆள் கூட்டிப்போகும் அக்கா கத்தும்.

இதைச் சொன்னதும் டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான்க்கா. எறங்கச் சொல்ல அங்கன ஆளில்ல."

"அப்ப... தெரிஞ்சே நாலு நாளு ஜீப்புல போனேனே, அது குலுங்குனதால இல்லீகளா?"

வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இல்லக்கா. நீங்க உங்கம்மா வயித்துல இருந்தப்பவே அந்த முட்டை பிரிய ஆரம்பிச்சு, பாதியில நின்னு, இத்தன வருசம் கழிச்சு முடிச்சிருக்கு. அந்த வேலையிலதான் தவறிப்போச்சு. நீங்க அந்த நாலு நாளு ஜீப்புல போனது அதுக்கு அப்புறம்."

வீட்டுக்காரர் தன் நகங்களையே பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டார். "திராச்சைத் தோட்டத்துல பூச்சிமருந்து அடிச்ச சட்டையோட வீட்டுக்குள்ள வருவேன். அதனாலயா டாக்டர்?"

"இது பெரும்பாலும் தானா நடக்குறதுண்ணே. யாரையும் குத்தம் சொல்ல இதுல ஒண்ணுமில்ல. ஆனா சட்டைய வெளியிலயே கழட்டிப் போடுங்க!"

திரும்பும் பஸ்ஸில், சின்னமனூர் தாண்டியதும் அவர் கேட்டார்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க மட்டும் சொன்னீகளா?"

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு மாதமாக ஆளுக்கொரு குற்றத்தோடு படுத்திருந்திருக்கிறோம்.

இன்றும் கேஸை மூன்று முறை திருகிப் பார்க்கிற ஆள்தான் நான். ஆனால் விடியலில் ஜீப்புகள் மலையேறும் சத்தம் கேட்கையில், எங்களோடு ஒன்பது வாரம் இருந்துவிட்டுப் போன அந்த உயிரை, யார்மீதும் பழி போடாமல் பிரியமாக நினைத்துக்கொள்ள முடிகிறது.