திரையோரத்துக் கட்டில்

தண்ணீரை வாயில் வைத்து, நாக்கில் ஒரு சுற்று சுற்றவிட்டு, வாளியில் துப்பிவிடுவார் மாஸ்டர். தாகத்தை ஏமாற்ற அவர் கண்டுபிடித்த வழி அது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட உடம்பு. உள்ளே போகிற தண்ணீரை டயாலிசிஸ் மெஷின்தான் உறிஞ்சி எடுக்கவேண்டும். "குடிக்கிறது ஈஸி. வெளிய எடுக்கத்தான் ஆஸ்பத்திரி படி ஏறணும்" என்பார். அந்தப் படி ஏறுவது அவருக்கு எமனைப் பார்க்கப் போவதுபோல. ஏறாமல் விட்டால் எமனே தேடி வந்துவிடுவான்.

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். கடை என்று பார்த்தால் ஒரு மேசை, ஒரு பல்பு, வார்னிஷ் வாடை. செம்புக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பமாட்டார். ஒட்ட வெட்டிய தலை, காதில் பொட்டளவு தோடு, சட்டைப் பையில் டெஸ்டர். புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிடம் திகைப்பார்கள். "ஆம்பள, பொம்பள ரெண்டுலயும் நான் சேத்தி இல்ல. அவன், அவள் எதுவும் வேணாம். அவருன்னு சொல்லிட்டுப் போங்களேன், வாயா வலிக்குது?" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். தெரு பழகிவிட்டது. அதற்குமேலும் குடைகிறவர்களை, "உங்க மோட்டாரு ஆம்பளயா பொம்பளயான்னு நான் கேட்டேனா?" என்று வாயடைத்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் அந்த வாய் எடுபடாது. அங்கே மாஸ்டர் படுத்திருப்பவர், மற்றவர்கள் நின்றுகொண்டிருப்பவர்கள். ஷிப்ட் மாறும்போது நர்ஸுகள் கட்டில் கட்டிலாக வந்து, படுத்திருக்கிறவர் தலைக்கு மேலேயே அவரைப் பற்றிப் பேசி ஒப்படைப்பார்கள். "இவளுக்கு பிரஷர் இறங்குது" என்பார் போகிறவர். "இவன் ஒழுங்கா சாப்பிடுறதில்லயா?" என்பார் வருகிறவர். திருத்தினால், "முதல்ல உடம்பப் பாருங்க, மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்பார்கள். உடம்பைப் பற்றித்தான் அவரும் பேசுகிறார் என்பது யாருக்கும் உறைக்காது.

ஒருமுறை மாணவர்கள் புடைசூழ வந்த டாக்டர், "இது எப்ப அட்மிட் ஆச்சு?" என்று கேட்டார். மாஸ்டர் ஊசியைக் கழற்றச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அடுத்த முறை போகவில்லை. அதற்கடுத்த முறையும் போகவில்லை. நுரையீரலில் நீர் கோத்து, படுக்கவும் முடியாமல், சுவரைப் பிடித்து உட்கார்ந்து மூச்சுக்கு அல்லாடியவரை அக்காதான் வண்டியில் போட்டுக் கொண்டுபோனாள். இன்னொரு தடவை விட்டால் ஆள் மிஞ்சாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அன்றிலிருந்து அக்கா நிழல்போல் கூடவே வருகிறாள்.

வீட்டில் அவரைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள். "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்ட நாளிலிருந்து தங்கச்சி என்ற சொல்லைக் கோபத்தில்கூட வாயில் எடுத்ததில்லை. "சித்தியும் இல்ல, மாமாவும் இல்ல. நம்ம மாஸ்டரு" என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

டயாலிசிஸ் அறையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே பச்சைத் திரை. அங்கிருந்த பெரிய நர்ஸ், யாரிடமும் கேட்காமல், திரை முடிகிற இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டு மாஸ்டருக்கு ஒதுக்கிவிட்டார். ஒப்படைக்கும்போது, "மாஸ்டருக்குக் கடைசில கால் பிடிச்சு இழுக்கும். அவரு வாயத் தொறந்து சொல்லமாட்டாரு, நீதான் கேக்கணும்" என்பார். அதைக் கேட்டாலே மாஸ்டருக்குப் பாதி உடம்பு தேறிவிடும்.

பெரிய நர்ஸை இப்போது வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அவசரத்தில் கட்டில் கட்டிலாக வராமல் வாசலிலேயே பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார். புதிதாக வந்தவள் சின்னப் பெண். கெட்டவள் அல்ல, எதுவும் ஒழுங்காக இருக்கவேண்டும் அவளுக்கு. ஒரு கட்டில் இரண்டு பக்கமும் சேராமல் கிடக்கிறதே என்பதுதான் அவள் கவலை. மாஸ்டரின் கால்மாட்டில் நின்று, மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த டெக்னீஷியனிடம் கேட்டாள்:

"இது எந்தப் பக்கம்? ஆம்பளயா, பொம்பளயா?"

"சிஸ்டர், நான் வந்து..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

"ஏதாவது ஒரு பக்கத்தச் சொல்லுங்க. கட்டில நகத்துனாத்தான் மெஷின்ல போட முடியும். எனக்கு இன்னும் ஆறு பேரு காத்துக் கிடக்காங்க."

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். வலது கால் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் துழாவியது. கதவருகில் நின்ற அக்கா அந்தக் காலைப் பார்த்துவிட்டாள்.

"பொம்பளப்புள்ளதாங்க சிஸ்டர்! என் தங்கச்சி. அவள அந்தப் பக்கமே போடுங்க. சீக்கிரம் போடுங்க."

அறை முழுக்கக் கேட்டது. துழாவிய கால் நின்றது. யார் வேண்டுமானாலும் சொல்லட்டும், இவள் ஒருத்தி சொல்லமாட்டாள் என்றிருந்தவர் மாஸ்டர். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். கோபமாவது வந்திருந்தால் இறங்கிப் போயிருப்பார். அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தபிறகு கோபமும் வரவில்லை. மெல்லச் சாய்ந்து படுத்தார்.

கட்டிலைப் பெண்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நல்ல பொண்ணு. கையக் குடும்மா" என்றாள் நர்ஸ், அன்பாகத்தான்.

மாஸ்டர் இடது கையை நீட்டிக் கொடுத்தார். வலது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.