வாயாடிக்கு வாய் திரும்பியது

வீட்டில் அவளுக்கு முறையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார், பால்காரர் எல்லாருக்கும் அவள் வாயாடிதான். அப்பா எலக்ட்ரீஷியன். அவர் ஏணியில் நின்று ஒயர் இழுக்கும்போது கீழே டார்ச் பிடிப்பது அவள் வேலை. டார்ச் ஒரு பக்கம் போகும், வாய் இன்னொரு பக்கம் ஓடும்.

"வெளிச்சத்தை இங்க காட்டும்மா, கதையை அப்புறம் சொல்லு" என்று மேலிருந்து குரல் வரும்.

பிசியோதெரபி படிக்கும்போது, கால் இழந்த ஒருவர் செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு முதல் முறையாக எழுந்து நிற்பதைப் பார்த்தாள். அந்தக் காலைச் செய்கிற வேலைதான் தனக்கு என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அதற்கான மேற்படிப்புக்கு வெளிநாட்டில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அந்த ஊர் மொழியை ஒரு வருடம் விழுந்து விழுந்து படித்து, பரீட்சையும் எழுதித் தேறி, பெட்டி கட்டினாள்.

போய் இறங்கியதும்தான் தெரிந்தது, படித்த மொழி வேறு, தெருவில் பேசுகிற மொழி வேறு என்று. வார்த்தைகளைத் தேடிப் பிடித்து, முன்பின் சேர்த்து, ஒரு வாக்கியம் தயார் செய்து வாயைத் திறப்பதற்குள் பேச்சு அடுத்த தெருவைத் தாண்டியிருக்கும். சொல்லாமல் விழுங்கிய வாக்கியங்களே அவளுக்கு வயிறு நிறைய இருந்தன. கொஞ்ச நாளில் முயற்சி செய்வதையும் விட்டுவிட்டாள். யார் என்ன சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். வகுப்பில் எல்லாருக்கும் அவள் 'அந்த அமைதியான பொண்ணு' ஆகிப்போனாள். செயற்கைக் கால் செய்யக் கற்றுத்தரும் பட்டறையின் ஆசிரியை ஒருநாள் அவளைத் தட்டிக்கொடுத்து, "உன் அடக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார். வீட்டில் யாராவது அதைக் கேட்டிருந்தால் சிரித்தே உருண்டிருப்பார்கள்.

அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தான். போனில் அவள் "ம்... சரி... நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்க, சட்டென்று கேட்டான்.

"யாருங்க பேசுறது? வாயாடி கிட்ட போனைக் குடுங்க."

சிரித்தாள். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

அவள் குடியிருந்தது ஒரு சலவைக் கடையின் மாடியில். கீழே துணி உலர்த்தும் மெஷின்கள் ஓடுவதால் குளிர்காலத்திலும் தரை வெதுவெதுப்பாக இருக்கும். அது ஒன்றுதான் அந்த அறையில் அவளுக்குச் சொந்தம்போல் தோன்றிய விஷயம். அறைகள் இரண்டு, நடுவில் பொதுச் சமையலறை. எதிர் அறையில் இருந்தவள் சிட்டி பஸ் ஓட்டும் பெண். நாற்பதைத் தாண்டியவள், நல்ல ஆகிருதி, ஒட்ட வெட்டிய முடி. மனசுக்குள் இவள் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். வெளியே காலை வணக்கமும் மழை வருமா வராதா என்பதும் மட்டும்தான்.

ஒருநாள் காலை அக்கா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். வணக்கத்துக்கு வெறும் காற்றுதான் பதிலாக வந்தது. கையைக் காட்டியும் கிசுகிசுத்தும் அவள் சொன்னது இதுதான்: பஸ்ஸில் ஸ்டாப்பு பெயர் சொல்லும் மெஷின் பழுதாகிவிட்டது. சரிசெய்யும் வரை டிரைவரே கத்த வேண்டும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

"நீ என் பஸ்லதானே காலேஜ் போற? இன்னைக்கு நீ கத்துறியா?"

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

மாட்டேன் என்பதைப் பணிவாகச் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்தாள். அது முடிவதற்குள் அக்கா படியிறங்கிப் போய்விட்டாள்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் ஸ்டாப்பு வந்தது. எலிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம்தான் வெளியே வந்தது. "கேக்கல!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அடுத்ததைக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அந்தப் பெயரில் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு எழுத்து உண்டு. காய்கறிப் பையோடு முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா அதைச் சரியாகச் சொல்லிக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர் அது தப்பு என்றார். இருவரும் மாறி மாறிச் செரும, பஸ்ஸில் பாதிப் பேர் செரும ஆரம்பித்தார்கள்.

அப்புறம் 'ஆஸ்பத்திரி வாசல்' வந்தது. அந்த மொழியில் வாசலுக்கும் கழுதைக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். இவள் முழுத் தொண்டையில் "ஆஸ்பத்திரிக் கழுதை!" என்று கூவினாள்.

பஸ்ஸே சிரிப்பில் குலுங்கியது. கண்ணீரைத் துடைத்தபடி ஒரு பெரியவர் எழுந்தார். "நான் இறங்கணும்மா. கழுதைக்கு ஏதாவது சொல்லணுமா?"

"நல்லா இருக்கியான்னு நான் கேட்டதா சொல்லுங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இந்தப் பதிலை அவள் தயார் செய்யவில்லை. அது தானாக வந்திருந்தது. கண்ணாடியில் அக்காவின் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மெஷினைச் சரிசெய்ய நாளாயிற்று. அதற்குள் அந்த பஸ்ஸில் வழக்கமாக வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்குப் பழக்கம். யார் வீட்டில் பேரன் பிறந்தான், யாருக்கு முட்டி வலி, எல்லாம் அத்துப்படி. கடைசியில் மெஷின் பேசத் தொடங்கிய அன்று, "இதுக்கு உசிரே இல்லையே" என்று காய்கறி அம்மா முகம் சுளித்தார்.

அந்தச் சமயத்தில்தான் பட்டறையில் அவளுக்கு முதல் நோயாளியைக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர். சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்திருந்தார்கள். அவரோடு மல்லுக்கட்டிப் பலர் தோற்றிருந்தார்கள். காரணம், எது கேட்டாலும் அவர் சொல்கிற ஒரே பதில்: "நல்லாத்தான் இருக்கு." வீட்டுக்குப் போனதும் காலைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார் என்று அவர் மனைவி தனியாக வந்து வருத்தப்பட்டார்.

இவளும் மாவுக்கட்டுப் போட்டு அளவெடுத்தாள். பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, மிச்சக் கால் உட்காரும் கிண்ணத்தை வார்த்து, மாட்டிவிட்டாள்.

"எங்கயாவது அழுத்துதா?"

"நல்லாத்தான் இருக்கு."

மேற்கொண்டு அவள் காலைப் பற்றியே பேசவில்லை. நீங்கள் எந்தத் தெருக்களுக்குத் தபால் கொடுத்தீர்கள், எந்த வீட்டு நாய் துரத்தும், உங்களைக் கண்டாலே கதவைச் சாத்துகிறவர் யார் என்று ஆரம்பித்தாள். தப்புத் தப்பான இலக்கணத்தில் தங்கள் வீட்டுப் பால்காரர் கதையையும் அவிழ்த்துவிட்டாள். கிழவருக்குப் பேச்சு பிடித்துவிட்டது. நடைபயிற்சிக்கு வைத்திருந்த கம்பியைப் பிடிக்காமலே நடந்துகொண்டு பதில் சொன்னார். பேசிக்கொண்டே பயிற்சிக்காகப் போட்டிருந்த சரிவில் இறங்கும்போது மட்டும் ஒரு வார்த்தை பாதியில் நின்றது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அந்த நாய் வீடும் இப்படித்தான், இறக்கம். இறக்கத்துல மட்டும் இந்தக் கால் முன்னால குத்துது. சொன்னா உங்களுக்கெல்லாம் கஷ்டம்தானேன்னு..."

"சொல்லலைன்னாதாங்க எனக்குக் கஷ்டம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. அந்த இடத்தில் பென்சிலால் குறி போட்டு, கிண்ணத்தின் விளிம்பைச் சூடு காட்டி வளைத்து, தேய்த்து, மறுபடி மாட்டினாள். தபால்காரர் சரிவில் இறங்கினார், ஏறினார். யாரும் கேட்காமலே இன்னொரு தடவையும் இறங்கினார். ஆசிரியை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ இவ்வளவு பேசுவியா?"

"இதெல்லாம் ரொம்பக் கம்மி மேடம்."

இதையெல்லாம் அவள் போனில் கொட்டியபோது அம்மாவுக்கு அந்த பஸ்கார அக்காவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. வீடியோவில் அம்மா தமிழில் பேசினார், அக்கா தன் மொழியில் பேசினாள். நடுவில் மொழிபெயர்க்கப் போன இவளை இருவருமே அதட்டி உட்காரவைத்தார்கள். "என் பொண்ணை எனக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்கம்மா" என்று சொல்லும்போது அம்மாவின் குரல் தழுதழுத்தது. அக்காவுக்கு அது புரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படிப்பு முடிந்து அதே பட்டறையில் வேலை கிடைத்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அக்கா, காய்கறி அம்மா, ஆசிரியை, தபால்காரர், அவர் மனைவி. நாற்காலி பத்தாமல் சலவைக்காரர் மடக்கு ஸ்டூல்களைக் கொண்டுவந்தார். பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார். நன்றி சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தாள். எல்லாரையும் ஒரே இடத்தில் பார்த்ததும் அது அத்தனையும் மறந்துபோயிற்று. கரண்டியை எடுத்துப் பரிமாறத்தான் முடிந்தது.

அவர்களும் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. சலவைக் கடையின் அந்தக் குறுகலான படிக்கட்டைத் தபால்காரர் யார் தோளையும் பிடிக்காமல் ஏறி வந்திருந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நாய் வீட்டுக் கதையை ஆசிரியைக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டே தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா."