வெறும் வயிற்றில் வந்தவர்

நடுக்குவாதம் உள்ளவர்களின் ரத்தத்தில் என்னென்ன மாறுகிறது என்று புதுச்சேரி மருத்துவமனை ஒன்றில் ஆய்வு நடந்தது. அங்கே ரத்தம் எடுப்பது என் வேலை. வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டும்.

அன்று வந்த பெரியவர் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். யாராவது பார்த்தால், ஆடும் கையைச் சட்டென்று பேண்ட் பைக்குள் விட்டுக்கொள்வார்.

“ஏதாச்சும் சாப்ட்டீங்களா ஐயா?”

“பூசைக்குப் போய்ட்டு வரேம்மா. நன்மை வாங்கினேன்.”

மாதா கோயிலில் சாமியார் நாக்கில் வைக்கும் மெல்லிய அப்பத்தைச் சொல்கிறார்; அது இயேசுவின் உடலேதான் என்பது அவர்கள் நம்பிக்கை.

“அது துளிதானே? சாப்பிடலன்னு எழுதிக்கறேன்.”

“வாங்கினத வாங்கலன்னு எழுதுவியா?”

“சாப்ட்டதா எழுதினா, இன்னிக்கு எடுக்க முடியாதே ஐயா.”

“அது சாப்பாடும் இல்லியேம்மா!” பைக்குள்ளிருந்த கை வெளியே வந்து ஆடியது. அவர் கவனிக்கவில்லை. “ஏம்மா, உங்க மெஷினு அதக் கண்டுபுடிச்சிருமா?”

தெரியாது என்றேன். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலைப் பூசைக்குப் போகாமல் நேராக வந்தார். எடுத்து முடித்ததும் குழாயையே உற்றுப் பார்த்தார்.

“நேத்தும் எடுத்திருந்தா ரெண்டையும் வச்சிப் பாத்திருக்கலாம்ல?”

முதல் நாள் எடுக்காமல் விட்ட அந்த ஒரு குழாய் ரத்தம்தான் இன்னும் எனக்கு உறுத்துகிறது.