காதை அடைத்துக்கொண்டு மூன்று கச்சேரிகள்

சிங்கப்பூருக்குள்ளேயே ஈசூனிலிருந்து தேக்காவுக்கும், அங்கிருந்து பூமலைத் தாவரவியல் பூங்காவுக்கும் போய்வந்ததை எல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று என் தோழி ஷாலினி கேட்கிறாள். எழுதலாம். எதையாவது தேடிக்கொண்டு போனால் அது பயணம்தான்.

போன சனிக்கிழமை நான் தேடிப் போனது இதுதான்: மேடையில் வாசிப்பவர்களின் உடம்பு ஏன் ஆடுகிறது?

எங்கள் பள்ளி இந்திய இசைக்குழுவில் நான் முதல் வரிசையில் வயலின் வாசிக்கிறேன். ஷாலினி மிருதங்கம். போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஆசிரியை எங்கள் ஒத்திகையைப் படம் பிடித்துத் திரையில் போட்டுக் காட்டினார். எல்லோரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். என் தலை மட்டும் தனியாக வேறொரு கச்சேரி செய்துகொண்டிருந்தது.

“வாஷிங் மெஷின் மாதிரி இருக்கே லா,” என்றாள் ஷாலினி, பக்கத்திலிருந்தே.

ஆசிரியை சிரிக்கவில்லை. “அடுத்த திங்கட்கிழமைக்குள்ள இந்த ஆட்டத்த நிறுத்தணும். இல்லேன்னா நீ பின்வரிசைக்குப் போயிடு, நித்யா.”

வீட்டில் நிறுத்திப் பார்த்தேன். உடம்பு நின்றதும் தாளம் தப்பியது. முன்வரிசையை விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனமில்லை. இரண்டு வருடம் உழைத்துக் கிடைத்த இடம் அது. ஆகவே தேர்ந்த கலைஞர்களைப் பார்த்து, எந்த அசைவு வேண்டும், எது வேண்டாம் என்று கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். இசை காதில் விழுந்தால் ரசிக்க ஆரம்பித்துவிடுவேன், உடம்பைக் கவனிக்க மறந்துவிடுவேன். அதனால் நீச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கினேன். விலை இரண்டு சிங்கப்பூர் வெள்ளி.

காலை 9.10க்கு ஈசூனில் ரயில் ஏறினோம். நியூட்டனில் நீலத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா. மாணவர் அட்டையில் ஒரு வெள்ளிகூட ஆகாது.

முதலில் சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றுக்குப் போனோம். அன்று அங்கே ஒரு கல்யாணம். நாதஸ்வரக்காரர் நீண்ட சுரம் பிடிக்கும்போதெல்லாம் குழலை மெல்ல மேலே தூக்கினார், முடிக்கும்போது இறக்கினார். தவில்காரருக்கு இடுப்புக்கு மேலே எல்லாமே ஆடியது. முகம் மட்டும் பேருந்துக்குக் காத்திருப்பவர் முகம்போல அமைதியாக இருந்தது. (தவிலுக்குக் காதடைப்பான் பயனில்லை. சத்தம் நெஞ்சு வழியாக உள்ளே வந்துவிடுகிறது.) ஆடுகிறார்கள் என்பது தெரிந்தது. எதற்கு என்பது தெரியவில்லை.

தேக்கா உணவங்காடியில் ஆளுக்கு ஒரு மசால் தோசை சாப்பிட்டோம். பன்னிரண்டரைக்கு மேல் போனால் உட்கார இடம் கிடைக்காது, முன்னதாகவே போய்விடுங்கள்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு சிறிய மண்டபம். இரண்டு மணிக்கு வயலின் கச்சேரி, அனுமதி இலவசம். நன்றாகத் தெரியட்டும் என்று முதல் வரிசையில் உட்கார்ந்து காதை அடைத்துக்கொண்டேன். வயலின் வாசித்தவர் நாலைந்து முறை என்னையே பார்த்தார். என் கவனத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சேரி முடிந்ததும் அவர் நேராக என்னிடம் இறங்கி வந்தார். நான் அவசரமாகக் காதைத் திறந்தேன்.

“ஏம்மா, அவ்வளவு மோசமாவா வாசிச்சேன்?”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஷாலினி சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தாள். ஆசிரியை சொன்னது, திங்கட்கிழமை, பின்வரிசை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“ஆட்டத்த பாக்கவா வந்தே? நான் ஆடவே மாட்டேனேம்மா. செலையாட்டம் உக்காந்திருப்பேன்.”

மேடையில் மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே கத்தினார். “செலையா! டேய் மணி, நீ முடிக்கப் போறேன்னு உன் தோள் தூக்குறத வச்சுதான்டா எனக்குத் தெரியும். இத்தன வருஷமா அத பாத்துத்தான் முடிக்கிறேன்.”

“என்னப் பாத்தா? நான் உன் தோளப் பாத்துல்ல முடிக்கிறேன்!”

“அப்ப யாரு அங்கிள் முதல்ல முடிக்கிறது?” என்றாள் ஷாலினி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்த சிரிப்பில் மண்டபக் காவலர் எட்டிப் பார்த்தார்.

“தலையையும் பாப்பீங்களா அங்கிள்?” என்று மிருதங்கக்காரரிடம் கேட்டேன்.

“அவன் தலையவா? பாத்தா எனக்குத் தலை சுத்தும்லா!”

லிட்டில் இந்தியாவிலிருந்து பூமலை மூன்று நிறுத்தம்தான். ஆனால் நிலையத்திலிருந்து, கச்சேரி நடக்கும் ஏரிமேடைக்கு இருபது நிமிடம் நடக்க வேண்டும். வழியெல்லாம் ஒரே நினைப்பு. காலையிலிருந்து நான் ஆடுபவர்களையே பார்த்திருக்கிறேன். அதை யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

ஐந்தரை மணிக்கு மேற்கத்திய இசைக்குழு வாசிக்கத் தொடங்கியது. இந்த முறை வாசிப்பவர்களின் கண்கள் எங்கே போகின்றன என்று கவனித்தேன். ஒவ்வொரு முறை தொடங்கும் முன்பும் முதல் வயலின்காரரின் தோள் லேசாக எழுந்தது. பின்னாலிருந்த கண்கள் எல்லாம் அங்கே போயின. காது அடைத்திருந்தும் இசை எப்போது தொடங்கும் என்று என்னால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. “இப்போ,” என்பேன். “கரெக்ட்,” என்று ஷாலினி கட்டைவிரலைக் காட்டுவாள். ஓரத்தில் செல்லோ வாசித்தவர் மரம்போல அசைந்தாடினார். அவரை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, யாரும் பார்க்காத அசைவு வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை யோசிக்க அப்போது நேரமும் இல்லை.

திங்கட்கிழமை ஒத்திகை தொடங்கும் முன் எழுந்து நின்று கேட்டேன். “நான் வாசிக்கும்போது என் தலையைப் பாத்து யாராவது வாசிக்கிறீங்களா?”

ஒரு கைகூட எழவில்லை. “பாக்காம இருக்கத்தான் கஷ்டப்படுறோம்,” என்றது ஒரு குரல்.

“என் தோளை?”

ஷாலினி கை தூக்கினாள். வீணை வாசிக்கும் இருவர் தூக்கினார்கள். கொஞ்சம் தயங்கி, புல்லாங்குழலும்.

“நான் பின்வரிசைக்குப் போனா இவங்களுக்கு என் தோள் தெரியாது, டீச்சர்.”

எழுந்திருந்த கைகளை ஆசிரியை ஒருமுறை எண்ணினார். “சரி. தோள் இருக்கட்டும். போட்டி அன்னிக்குத் தலை ஆடக்கூடாது. அடுத்த வாரம் மறுபடி வீடியோ எடுப்பேன். ஆடுச்சுன்னா, பின்வரிசைதான்.”

நீங்களும் இப்படிப் போவதாக இருந்தால்: சனிக்கிழமை போங்கள், கோயிலில் தூணுக்குப் பின்னால் நிற்காதீர்கள், பூமலைக்குக் குடையும் விரிப்பும் கொண்டுபோங்கள், காதை அடைப்பதானால் நாலாவது வரிசைக்குப் பின்னால் உட்காருங்கள். வாசிப்பவர்களைப் பார்த்து முடித்ததும், அவர்களைப் பார்ப்பவர்களைப் பாருங்கள்.

முன்வரிசை இன்னும் என்னுடையதுதான், அடுத்த வாரம் வரை. நேற்று வீட்டில், பாட்டின் கடைசி வேகப் பகுதியில் முதன்முறையாக என் தலை அசையாமல் நின்றது. கூடவே வில்லும் நின்றுவிட்டது. இன்று பள்ளி விட்டு வந்ததும் மறுபடி வாசித்தேன். தலை அசையாமலே வில் நாலு வரி ஓடியது. மொத்தம் பதினாறு வரி இருக்கிறது.