எந்த இனிஷியல் போடுவது

எழுபதுகளின் நடுவில் கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். பேச்சுக் குரலை எண்களாக்கிச் சேமிப்பது எங்கள் வேலை. எங்கள் கருவி ஒரு விநாடிக் குரலைப் பத்தாயிரம் எண்களாக எடுக்கும். அதை வாங்கிக்கொள்ளும் இன்னொரு கருவிக்கு எட்டாயிரம்தான் வேண்டும். பாதியாக்கு என்றால் சுலபம். ஐந்தை நான்காக்கு என்றால் தலைவலி. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் மூன்று பூஜ்யங்களைச் செருகி, எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டிச் சீராக்கி, பிறகு ஐந்தில் ஒன்றை வைத்துக்கொண்டு நான்கைத் தூக்கிப் போட வேண்டும்.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் கிடைத்ததே வாரத்தில் ஒரு மணி நேரம். ப்ரோக்ராமைத் துளைகளாகப் பதித்த கார்டுக் கட்டைத் திரும்ப வாங்கப் போனால் ஆபரேட்டர் சலித்துக்கொள்வார்.

"இன்னாம்மா, உன் ப்ரோக்ராம் ஓடிக்கினே கீது. டைம் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்."

இந்த வேலையைப் பற்றிய அறிக்கையில் என் பெயர் வந்தால் வேலை நிரந்தரமாகும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் சேலையூரில் அப்பா எனக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்.

ஒருநாள் காலை தாம்பரத்தில் ரயிலேறி, குரோம்பேட்டை வருவதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூஜ்யத்தை எதற்குப் பெருக்குகிறேன்? தூக்கிப் போடப்போவதை எதற்குக் கணக்கிடுகிறேன்? விழலுக்கு இறைத்த நீர்தானே இது! பெருக்கும் எண்களை நான்கு சின்னக் கூட்டங்களாகப் பிரித்து முறைவைத்து எடுத்தால், வேண்டிய விடை மட்டும் வரும். வேலை இருபதில் ஒரு பங்கானது. வெளிநாட்டில் இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்திருந்தார்களாம். எனக்கு யார் சொன்னார்கள்?

"அதுக்குள்ள முடிஞ்சிட்ச்சா?" என்று ஆபரேட்டர் கார்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

அந்த ஞாயிறு மாதா கோயிலில் எங்கள் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டும். திங்கட்கிழமை அதிகாரியிடம் ஸ்வீட் பெட்டியை நீட்டிச் சேதி சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

"கங்கிராஜுலேஷன்ஸ்மா. அப்போ உங்க இனிஷியல் மாறிடுமே! ரிப்போர்ட்ல எதைப் போடறது, அப்பாவோடதா, ஹஸ்பண்டோடதா? அச்சாகி வர்றதுக்குள்ள தப்பாயிடும். விடுங்க, எதுக்கு கன்ஃப்யூஷன்?"

அறிக்கை அவர் பெயரில் மட்டும் போனது. கடைசிப் பக்கத்தில், கார்டு பஞ்ச் செய்து உதவிய பெண்ணுக்கு நன்றி என்று என்னைப் பற்றி ஒரு வரி. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த வாரத்தில் நிரந்தரமானவர்களின் பட்டியல் வந்தது. அதில் நான் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றார்கள். யோசிக்கப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை. மூன்றாம் ஞாயிறு சாமியார் மற்ற ஜோடிகளின் ஓலையை மட்டும் வாசித்தார்.

இன்றும் பேங்கில் கையெழுத்துப் போடும்போது அப்பாவின் இனிஷியலைத்தான் போடுகிறேன். அன்றைக்கு அதையே போட்டிருந்தால் ஒரு தப்பும் வந்திருக்காது.