ஊசி அலமாரியின் சாவி

அரசு மருத்துவக் கல்லூரியில் ஃபீஸ் கொஞ்சம்தான். விடுதிச் சாப்பாடு, புத்தகம், பாடம் படிக்க ஒரு செட் மனித எலும்பு என்று மற்றவைதான் ஆளை விழுங்கும். என் அப்பா காபி எஸ்டேட்டில் கூலி. கடைசி மூன்று வருடச் செலவைக் கொடுத்தவர் அந்த எஸ்டேட்டின் ரைட்டர், அதாவது ஆள் கணக்கு எழுதிக் கூலி போடுகிறவர். பத்திரம் கேட்கவில்லை, வட்டி கேட்கவில்லை. ஒரு கெடு மட்டும் வைத்தார்.

"நான் ரிடையர் ஆனா எஸ்டேட் ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க கண்ணு. அதுக்குள்ள குடுத்துரு. கீழ ஒரு ஊடு கட்டோணும்."

படிப்பு முடிந்து, எழுபதுகளின் கடைசியில், அந்த எஸ்டேட் இருக்கும் ஏற்காட்டு மலையிலேயே ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரிக்கு டாக்டராக வந்தேன். ரைட்டர் என்னை 'நீங்க' போட்டுப் பேச ஆரம்பித்தார். அவர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். மாதம் பிறந்ததும் சம்பளத்தில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது போதாது என்று தெரிந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து அடிவாரம் இறங்கி, ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் நோயாளிகளைப் பார்த்தேன். அது அவருக்கும் தெரியும்.

கடன் வாங்கினவனிடம் கஞ்சத்தனம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆஸ்பத்திரி அலமாரியில் ஊசி மருந்து குறைந்தால் என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். நர்ஸ் நல்ல மனுஷி. யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார், எழுதி வைக்க மறந்துவிடுவார். இரண்டு தடவை பிடித்தம் விழுந்தது. அதன் பிறகு அலமாரிச் சாவியை என் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். பெரிய விவரமானவன் என்று எனக்கு நினைப்பு.

ரைட்டரின் மனைவிக்கு மூச்சிளைப்பு உண்டு. பனிக்காலத்தில் அதிகமாகும். ஒரு ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மார்கழியில் ஒரு ஞாயிறு அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். அந்த ஊசியைப் போட நர்ஸுக்குத் தெரியும். ஆனால் அலமாரி பூட்டியிருந்தது. அரசாங்கப் பூட்டை உடைக்கப் பயந்து, எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி என்னிடம் அனுப்பிவிட்டார். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர வேண்டும்.

ஜீப் மருந்துக்கடை வாசலில் நின்றபோது நான் ஒரு குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். ரைட்டர் தன் மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தார். உடம்பில் சூடு இருந்தது, நாடி இல்லை.

"நொம்ப நேரமாப் பேசலீங்க" என்றார்.

முடிந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது சாவி பையில்தான் இருந்தது.

அடுத்த மாதமும் பணம் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். சாவியை நர்ஸிடம் கொடுத்துவிட்டேனே தவிர, அடிவாரம் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கெடு தவறிவிடும்.

அவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது கடைசித் தவணை. அடிவாரத்தில் அவருடைய வீட்டுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கேயே போனேன். பணத்தைக் கொடுக்குமுன் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

"அன்னிக்குச் சாவி எங்கிட்ட இருந்துச்சுங்க. நர்ஸ்கிட்ட குடுத்துட்டு வந்திருந்தா அவங்க பொழச்சிருப்பாங்க."

"தெரியுமுங்க. நர்ஸம்மா அப்பவே சொன்னாங்க" என்றார். சுவரில் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு வந்தார். "நான் கெடு வெக்காம இருந்திருந்தா நீங்க சாவியப் பையில போட்டுட்டுத் திரிஞ்சிருக்க மாட்டீங்க. அதையுந்தான் நெனச்சுப் பாத்தனுங்க."

அப்படியில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பழியில் பாதியை அவர் எடுத்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்த ஆறுதலையும் அவரிடமே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.